அதே எண், வேறு சரக்கு

ஒரு மருத்துவமனையிலோ கூட்டுறவு வங்கியிலோ 40 கணினிகளில் ஒரே மென்பொருள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொதுவெளியில் போட முடியாது. உள்ளேயே எழுதிய கணக்கு நிரலாக இருக்கலாம். ஆய்வகக் கருவியோடு பேசும் டிரைவராக இருக்கலாம். எல்லோருக்கும் கிடைக்கும் வெப் சர்வரை எடுத்துத் தங்கள் தேவைக்குத் திருத்திக்கொண்டதாகவும் இருக்கலாம். இதற்காக அந்த இடம் தனக்கென்று ஒரு பேக்கேஜ் களஞ்சியத்தை ஒரு சர்வரில் வைத்துக்கொள்கிறது. 40 கணினிகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. நிரலில் ஒரு திருத்தம் வந்தால் பொறுப்பில் இருப்பவர் டெர்மினலைத் திறந்து, புதிய கோப்பை ஏற்றி, இரண்டு மூன்று கட்டளை அடித்துவிட்டுப் போகிறார். அந்த இரண்டு மூன்று கட்டளைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதுப்பித்தல் என்ற சொல்லே இங்கே கொஞ்சம் வழிதவற வைக்கிறது. பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பது என்ற படத்தை அது மனத்தில் ஏற்றுகிறது. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. களஞ்சியத்தில் சேர்க்க மட்டுமே வேண்டும், எதையும் மாற்றக் கூடாது. ஒருமுறை வெளியே போன பதிப்பு எண்ணுக்கு உரிய கோப்பை அதன் பிறகு ஒரு பைட்கூடத் தொடக் கூடாது. கணினிகளைப் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்புவது அட்டவணையின் வேலை. பேக்கேஜ் கருவிகள் இந்த எதிர்பார்ப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பெரிய பொதுக் களஞ்சியங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் இதைத்தான். கேட்க ஆளில்லாத தனிக் களஞ்சியத்தில் இந்த ஒழுங்கு எளிதில் தளர்ந்துபோகிறது என்பதே கவலை.

டெபியன் உலகத்தை வைத்துப் பேசுவது வசதி. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த அந்தத் திட்டத்தின் பேக்கேஜ் முறைதான் உபுண்டுவில் இருக்கிறது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இருக்கிறது. ஆப்ட் என்ற கருவி 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் வந்தது; களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழக்கம் 2007 ஏப்ரலில் வெளியான 4.0-இல் நிலைபெற்றது. அந்தச் சரிபார்ப்பு ஒரு சங்கிலி. ஒவ்வொரு பேக்கேஜ் கோப்பின் பெயர், பதிப்பு எண், அளவு, ஷா256 ஹாஷ் ஆகியவை ‘பேக்கேஜஸ்’ என்ற அட்டவணைக் கோப்பில் இருக்கும். அந்த அட்டவணையின் ஹாஷ் ‘ரிலீஸ்’ என்ற கோப்பில் இருக்கும். ரிலீஸ் கோப்பின் மேல்தான் களஞ்சியத்தின் ஜிபிஜி சாவி கையொப்பம் இடுகிறது. கவனிக்க வேண்டியது, தனித்தனி பேக்கேஜ்களில் கையொப்பம் கிடையாது. ஒரே ஒரு கையொப்பம். மற்றதெல்லாம் ஹாஷ் வழியாக அதில் தொங்குகிறது. ஆகவே ஒரு பேக்கேஜைச் சேர்த்தாலும் அட்டவணை மாறும், ரிலீஸ் மாறும், புதிதாகக் கையொப்பம் இட வேண்டும். ‘கோப்பை மட்டும் மாற்றிவைத்தேன்’ என்று யாராவது சொன்னால், அவர் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறுத்துவிட்டார் என்று பொருள்.

அறுந்தால் என்ன ஆகும்? அட்டவணையைத் திரும்பச் செய்யாமல் கோப்பை மட்டும் மாற்றினால் ஆப்ட் ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ என்று நிறுத்திவிடும். அது நல்ல முடிவு. பிழை கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. அந்தப் பிழையைக் கண்டதும் நிர்வாகி அட்டவணையையும் திரும்பச் செய்து கையொப்பமும் இட்டுவிடுகிறார். இப்போது சங்கிலி முழுசாக இருக்கிறது, சத்தம் அடங்கிவிட்டது. 1.4.2-1 என்ற எண் கொண்ட கோப்பு காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருந்திருக்கிறது. காலையில் நிறுவிக்கொண்ட 25 கணினிகளில் பழைய சரக்கு, மாலையில் நிறுவிக்கொண்ட 15-இல் புதிய சரக்கு. எந்தக் கணினியில் போய், நிறுவியவற்றின் பதிவை வைத்திருக்கும் டிபிகேஜி கருவியைக் கேட்டாலும் 1.4.2-1 என்றே சொல்லும். காலையில் எடுத்துக்கொண்ட 25-க்கும் திருத்தம் போய்ச் சேருமா என்பதும் நிச்சயமில்லை. ஆப்ட் முதலில் எண்ணைப் பார்க்கிறது. எண் ஒன்றாக இருந்தால், சார்புப் பட்டியல், நிறுவிய அளவு போன்ற சில விவரங்கள் வேறுபடும்போதுதான் இது வேறு பொருள் என்று சந்தேகிக்கிறது. ஒரு வரி திருத்தத்தில் அந்த விவரங்கள் அப்படியே இருந்துவிட்டால் ‘புதுப்பிக்க ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். அடுத்த வாரம் 7-ஆம் எண் கணினியில் மட்டும் கணக்கு தப்பாக வருகிறது, 31-ஆம் எண்ணில் சரியாக வருகிறது என்று புகார் வந்தால், தேடுபவர் மென்பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். பதிப்புதான் ஒன்றாக இருக்கிறதே!

இடையில் கேஷ் சர்வர் இருந்தால் குழப்பம் இன்னொரு சுற்று கூடும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி போன்ற கருவி கோப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துவைக்கிறது: அட்டவணைகள் மாறக்கூடியவை, பேக்கேஜ் கோப்புகள் மாறாதவை. மாறாதவற்றை ஒருமுறை எடுத்துவைத்தால் அதே பெயருக்கு அதையே கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் பார்வையில் அது நியாயமான அனுமானம்; பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும்போது உள்ளே இருப்பது எப்படி மாறும்? நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றால், கிளை அலுவலகத்துக்குப் புதிய அட்டவணையும் பழைய கோப்பும் போய்ச் சேரும். தலைமை அலுவலகத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கிளையில் மட்டும் பிழை வரும். ‘கேஷைக் காலி செய்யுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்லி அனுப்புவார்கள். கேஷின் மேல் எந்தத் தவறும் இல்லை.

களஞ்சியக் கருவிகள் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால் அவற்றை எழுதியவர்களின் மனம் தெரியும். ரெப்ரெப்ரோ கறாரானது. ஏற்கெனவே உள்ள பெயரில் வேறு உள்ளடக்கத்தோடு ஒரு கோப்பைக் கொடுத்தால், ஏற்கெனவே உள்ள கோப்பை மறுபடி சேர்க்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிடும். பழைய எண்ணைக் கொடுத்தால் இதைவிடப் புதியது இருக்கிறது என்று தாண்டிப் போய்விடும். ஆப்ட்லியும் மோதல் என்று நிறுத்தும். ஆனால் பலவந்தமாக மாற்றிவைக்க ஒரு விருப்பத்தேர்வு அதில் உண்டு. அந்த விருப்பத்தேர்வு இருக்கிறது என்பதே, மாற்றிவைக்கும் ஆசை எவ்வளவு பரவலானது என்பதற்குச் சாட்சி. டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் என்ற எளிய கருவி எதையும் கேட்காது. கோப்புறையில் இன்று என்ன கிடக்கிறதோ அதைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும், நேற்று என்ன கிடந்தது என்ற நினைவே அதற்கு இல்லை. சின்ன இடங்களுக்கு அது கைக்கு அடக்கமாக இருக்கிறது, அதனால் அங்கே ஆபத்தும் கூடுதல். ஆர்பிஎம் என்ற இன்னொரு பேக்கேஜ் முறையின் உலகில் கிரியேட்ரெப்போ-சி கருவியை ‘அப்டேட்’ விருப்பத்தோடு ஓட்டினால், ஒரு கோப்பின் அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் மாறாமல் இருந்தால் பழைய விவரத்தையே எடுத்துக்கொள்ளும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதே அளவில் ஒரு கோப்பை நேரமுத்திரையும் மாறாமல் நகலெடுத்து மாற்றியிருந்தால், களஞ்சியம் பழைய ஹாஷோடு புதிய கோப்பை வைத்துக்கொண்டு நிற்கும். எல்லாக் கருவிகளும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன: பெயரும் எண்ணும் ஒன்றானால் பொருளும் ஒன்று.

பொதுக் களஞ்சியங்கள் இந்த அனுமானத்தை விதியாகவே ஆக்கிவிட்டன. 2016 மார்ச்சில் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்களின் பில்டுகள் ஒரே நாளில் நின்றன. அதற்குப் பிறகு விலக்கிக்கொள்ளும் உரிமையை என்பிஎம் இறுக்கியது. ஒரு பெயர்-எண் ஜோடி ஒருமுறை பயன்பட்டுவிட்டால், அதை நீக்கினாலும் மறுபடி யாரும் பயன்படுத்த முடியாது. பைப்பிஐயும் அப்படித்தான், நீக்கிய கோப்பின் பெயரில் இன்னொன்றை ஏற்ற விடாது. கோ மொழி 2019-இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மாட்யூல் பதிப்பின் ஹாஷையும் ஒரு பொதுப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நேற்று பார்த்ததும் இன்று பார்ப்பதும் வேறுபட்டால் பில்டு நின்றுவிடும். இந்த விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2025 மார்ச் காட்டியது. கிட்ஹப்பில் 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸின் ‘சேஞ்ஜ்ட்-ஃபைல்ஸ்’ என்ற துணைநிரலின் பதிப்புக் குறிச்சொற்களை, உள்ளே புகுந்தவர்கள் தீங்கான ஒரு கமிட்டின் பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய பதிப்புகளின் குறிச்சொற்களும் தப்பவில்லை. எண்ணை நம்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். முழு கமிட் ஹாஷை எழுதி வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. அங்கே மாற்றியவர் திருடர், இங்கே மாற்றுபவர் நம் நிர்வாகி என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிகழ்ச்சி. நிர்வாகி காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிப் பழக்கிவைத்த இடத்தில், திருடன் மாற்றியதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பத்திரப் பதிவை நினைத்துப் பாருங்கள். பதிவான கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டால் பதிவேட்டைத் திறந்து சுரண்டி எழுத முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட்டு அதற்குப் புதிய ஆவண எண் வாங்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவருக்கு இரண்டும் தெரியும். பதிப்பு எண்ணின் இலக்கணமும் இதற்காகத்தான் இவ்வளவு நுணுக்கமாக அமைந்திருக்கிறது. டெபியன் எண்ணில் கோட்டுக்கு முன்னால் வருவது மூல மென்பொருளின் பதிப்பு, கோட்டுக்குப் பின்னால் வருவது பேக்கேஜைக் கட்டியவரின் திருத்த எண். நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல் நிறுவும் ஸ்கிரிப்டில் மட்டும் ஒரு வரியைத் திருத்தினால் 1.4.2-1 என்பது 1.4.2-2 ஆக வேண்டும். இந்தச் சிறு திருத்தத்துக்கென்றே ஓர் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்து நாம் திருத்தியதானால், அவர்கள் எண்ணின் வாலில் ஒரு கூட்டல் குறி போட்டு நம் எண்ணைச் சேர்க்கலாம்; அவர்களுடைய 1.4.2-1-ஐவிட நம்முடைய 1.4.2-1+1 பெரியது, அவர்களுடைய அடுத்த 1.4.2-2-ஐவிடச் சிறியது. சுழிக்குறி இதற்கு மாறானது. அது எதற்கும் முன்னால் நிற்கும், வெறுமைக்கும் முன்னால் நிற்கும். 1.5~1 என்பது 1.5-ஐவிடச் சிறியது, ஆகவே சோதனைப் பதிப்புக்கு ஏற்றது. 1.10 என்பது 1.9-ஐவிடப் பெரியது, தசமப் புள்ளி என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் வெளியிடும் முன்பே டிபிகேஜியின் ‘கம்பேர்-வெர்ஷன்ஸ்’ கட்டளையிடம் கேட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் முக்காற்புள்ளியோடு வரும் ஈபாக் எண்ணை மட்டும் அவசரத்தில் தொடாமல் இருப்பது நல்லது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அதைப் பிறகு இறக்கவே முடியாது.

‘புதிய பதிப்பு சரியில்லை, பழையதற்குத் திரும்ப வேண்டும். அப்போது பழைய கோப்பை எடுத்து மேலே வைக்கத்தானே வேண்டும்?’ என்று கேட்பார்கள். சேர்ப்பது மட்டும் என்ற கொள்கைக்குக் கடினமான சோதனை இது. ஆப்ட் வழக்கமாகக் கீழே இறங்காது. எந்தப் பதிப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பின்னிங் முன்னுரிமையை 1000-க்கு மேல் வைத்தால்தான் இறங்கும், அதை 40 கணினியிலும் செய்வது இன்னொரு தலைவலி. டெபியன் இதை எப்படித் தீர்த்தது என்பதற்கு 2024 மார்ச் 29-ஐவிட நல்ல சான்று இல்லை. அன்றுதான் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைப் பிடித்துக்கொண்டு போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று புதைக்கப்பட்டிருப்பதை உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் வளர்ச்சிக் கிளையில் 5.6.1 ஏற்கெனவே போய்விட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அவசரம். அந்த அவசரத்திலும் அவர்கள் பழைய எண்ணைத் திரும்ப ஏற்றவில்லை. 5.6.1+ரியலி5.4.5-1 என்ற எண்ணில் புதிய பேக்கேஜ் ஒன்றை வெளியிட்டார்கள். உள்ளே இருப்பது பழைய 5.4.5-இன் நிரல், எண் 5.6.1-ஐவிடப் பெரியது. வழக்கமாகப் புதுப்பிக்கும் எல்லாக் கணினிகளும் தாமாகவே முன்னேறி, நிரலில் பின்னே போய்விட்டன. எண் பார்க்க அழகாக இல்லை. ஆனால் நடந்த கதை முழுக்க அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு கணினி ஆபத்தைத் தாண்டிவிட்டதா என்பதை ஒரே கட்டளையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது.

அவசரத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓட்டை தெரிந்துவிட்டது, நிமிடங்கள்தான் முக்கியம், எண்ணையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளிப்பட்டபோது முதல் திருத்தம் போதவில்லை, இரண்டாவதும் போதவில்லை. ஒரே மாதத்துக்குள் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று நான்கு எண்கள் தேவைப்பட்டன. அவசரத்தில் செய்யும் திருத்தம் முதல் முறையிலேயே முழுமையாக அமையும் என்று எண்ண இடமில்லை. இந்த நான்கு திருத்தங்களையும் ஒரே எண்ணில் மாற்றி மாற்றி வைத்த ஓர் உள்களஞ்சியத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ‘நம்மிடம் ஓட்டை அடைபட்டுவிட்டதா?’ என்று மேலிடம் கேட்கும்போது எந்தக் கணினியைக் காட்டி எதைச் சொல்வது? எண்ணில் ஒன்றைக் கூட்ட ஒரு நிமிடம் போதும். அதைக் கூட்டாமல் விட்டால் பிறகு போகும் நேரத்துக்குக் கணக்கில்லை.

எங்கள் இடத்தில் மூன்று பேர்தான், ஒரு நாளைக்குப் பத்து முறை கட்டிப் பார்க்கிறோம், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்பது இன்னும் நியாயமான மறுப்பு. இதற்கு மேவன் என்ற பில்டு கருவியின் உலகம் நல்ல வழி காட்டியிருக்கிறது. அங்கே ‘ஸ்னாப்ஷாட்’ என்ற வாலோடு வரும் பதிப்பு மாறக்கூடியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வால் இல்லாத வெளியீடு மத்தியக் களஞ்சியத்தில் மாறவே மாறாது. மாறும் இடத்துக்கும் மாறாத இடத்துக்கும் நடுவே பெயரிலேயே ஒரு வேலி. தனிக் களஞ்சியத்திலும் சோதனைக்கு ஒரு கிளை, பயன்பாட்டுக்கு ஒரு கிளை என்று இரண்டு வைத்து, சோதனைக் கிளையில் நேரமுத்திரையையே எண்ணின் வாலாக்கிவிட்டால் பில்டு ஸ்கிரிப்ட் தானே எண் போட்டுக்கொள்ளும். மனிதருக்கு வேலை இல்லை. சோதனையில் தேறியது பயன்பாட்டுக் கிளைக்கு வரும்போது மறுபடி கட்டாமல் அதே கோப்பாக வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மறுபடி கட்டினால் சோதித்தது ஒன்று, கொடுத்தது இன்னொன்று.

வட்டில் இடம் போதாது என்ற மறுப்பை அதிக நேரம் பேச வேண்டியதில்லை. ஆப்ட்லியில் ஸ்னாப்ஷாட் என்பது மேவனுக்கு மாறாக, களஞ்சியத்தின் மாறாத ஒரு நிலை; ஒரே கோப்பை எத்தனை ஸ்னாப்ஷாட்களில் காட்டினாலும் அது தன் கிடங்கில் ஒரு பிரதிதான் வைக்கிறது. எதுவும் சுட்டாத கோப்புகளை எப்போது அழிப்பது என்பதை நாம் தனிக் கட்டளையாகச் சொல்கிறோம். ரெப்ரெப்ரோ இதற்கு மாறாக, புதியது வந்ததும் அட்டவணையிலிருந்து விழுந்த பழைய கோப்பைத் தானே அழித்துவிடும். வைத்துக்கொள்ளச் சொல்லும் விருப்பத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காதவர்களுக்குப் பழையது தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்று தெரியவரும். டெபியன் தன் களஞ்சியத்தின் பழைய நிலைகளையெல்லாம் தேதிவாரியாக ஸ்னாப்ஷாட் தளத்தில் வைத்திருக்கிறது. அத்தனை பெரிய களஞ்சியத்துக்கு முடிகிற காரியம், சில டஜன் உள்பேக்கேஜ்களுக்கு முடியாமல் போகாது.

கனமான மறுப்பு பாதுகாப்புப் பக்கத்திலிருந்து வருகிறது. ஓட்டையுள்ள பழைய பதிப்பு கிடங்கில் கிடந்தால், யாராவது அதைக் கணினிகளின் தலையில் கட்டிவிட முடியாதா? முடியும் என்று 2008-இலேயே அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையொப்பம் சரியாக இருக்கும் பழைய அட்டவணையை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்திருப்பவர் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், கணினி உறைந்துபோய்ப் பழைய நிலையிலேயே நிற்கும். கையொப்பத்தில் குறை எதுவும் இருக்காது. இந்தத் தாக்குதலுக்குப் பழைய கோப்பை அழிப்பது மருந்தாகாது, ஏனென்றால் தாக்குபவர் தன்னிடம் பிரதி வைத்திருப்பார். மருந்து அட்டவணையில் இருக்கிறது. ரிலீஸ் கோப்பில் ‘வேலிட்-அன்டில்’ என்று ஒரு காலக்கெடு எழுதலாம். அந்தத் தேதி தாண்டினால் ஆப்ட் அதை ஏற்காது. ரெப்ரெப்ரோவில் இதற்கு ‘வேலிட்ஃபார்’ என்ற ஒரு வரி போதும். இதை வைத்தவர் இன்னொன்றையும் வைக்க வேண்டும். புதிய பேக்கேஜ் எதுவும் வராத வாரத்திலும் அட்டவணையைத் திரும்ப எழுதிக் கையொப்பமிடும் கிரான் வேலை ஒன்று ஓட வேண்டும். இல்லாவிட்டால் பொங்கல் விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமை 40 கணினியும் களஞ்சியம் காலாவதியானது என்று நிற்கும்.

எண் பெரியதே வெல்லும் என்ற விதியில் தனிக் களஞ்சியத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு. சேர்ப்பவர் நாம் மட்டும்தானா? 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பெரிய நிறுவனங்களின் உள்பேக்கேஜ் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில் பெரிய எண்ணோடு பொதுக் களஞ்சியங்களில் ஏற்றிவைத்ததை வெளியிட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் அவருடையதை எடுத்து ஓட்டின. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச் நூலகத்தின் நைட்லி பதிப்பை பிப் என்ற நிறுவும் கருவி வழியாக லினக்ஸில் நிறுவியவர்களுக்கு, டார்ச்டிரைட்டன் என்ற சார்பு பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்துக்குப் பதிலாக பைப்பிஐயில் யாரோ அதே பெயரில் ஏற்றிவைத்ததிலிருந்து வந்தது. ஆப்ட்டிலும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் முன்னுரிமை சமமாக, 500 என்று இருக்கும்வரை பெரிய எண்ணே வெல்லும். ஆகவே உள்பேக்கேஜ்களின் பெயரில் நிறுவனத்துக்கே உரிய முன்னொட்டு ஒன்று இருக்க வேண்டும், பொதுவில் உள்ள பெயரையே திருத்திக் கொடுக்கும்போது பின்னிங் எழுத வேண்டும். களஞ்சியத்தின் சாவியை எல்லாவற்றுக்கும் பொதுவான சாவிக்கொத்தில் போடாமல், ‘சைன்ட்-பை’ என்று அந்த ஒரு களஞ்சியத்தோடு கட்டிவைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் கட்டளைவரியில் செய்ய வேண்டும், சுட்டியால் இழுத்துப் போடும் வலைப்பக்கங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கட்டளையை எழுதிவைக்க முடியும் என்பதே காரணம். சேர், ஸ்னாப்ஷாட் எடு, அட்டவணையை அதன் பக்கம் திருப்பு, கையொப்பமிடு என்ற நான்கு படியும் ஒரு ஸ்கிரிப்டில் இருந்தால், விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவரும் அதையே செய்வார். ஏற்கெனவே உள்ள எண் என்றால் நின்றுவிடு என்ற சோதனையையும் அதிலேயே எழுதலாம். கட்டளைவரிக்கு அதற்கே உரிய ஆபத்தும் உண்டு, அது கேட்காமல் செய்துவிடும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை வடக்கு வர்ஜீனியாவில் விழுந்தது, பழகிய கட்டளை ஒன்றில் ஓர் உள்ளீடு தப்பாக விழுந்து, நினைத்ததைவிட அதிக சர்வர்களை அது நீக்கியதால்தான். அதன் பிறகு அமேசான் கட்டளையைக் கைவிடவில்லை. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாத தடுப்பை அந்தக் கருவிக்குள்ளேயே வைத்தது. நமக்கும் அதுதான் வழி, பலவந்தமாக மாற்றும் விருப்பம் ஸ்கிரிப்டுக்குள் நுழையவே கூடாது. வரிசையும் முக்கியம். கோப்புகள் முதலில் போய்ச் சேர வேண்டும், அட்டவணை பிறகு, கையொப்பமிட்ட ரிலீஸ் கடைசியில். அழிப்பது இருந்தால் அதற்கும் பின்னால். டெபியனின் மிரர்கள் இதற்காகவே இரண்டு கட்டமாக நகலெடுக்கின்றன. கையொப்பமிடும் படி ஆளில்லாத ஸ்கிரிப்டில் அடிக்கடி இடறும். கடவுச்சொற்றொடரைக் கேட்க டெர்மினல் இல்லாததால் ஜிபிஜி ஏதோ சாதனம் பொருந்தவில்லை என்று புரியாத பிழையைச் சொல்லி விலகும். அந்த இடத்தில் எரிச்சல்பட்டுக் கடவுச்சொற்றொடரையே எடுத்துவிடுபவர்கள், கையொப்பத்துக்கென்று தனித் துணைச்சாவி ஒன்றை வைத்துக்கொண்டு மூலச்சாவியை வலையில் இல்லாத இடத்தில் வைத்தாலாவது பாதிச் சேதம் குறையும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் பழைய கோப்பை அழித்தே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். தவறுதலாகத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லோ நோயாளிகளின் விவரமோ பேக்கேஜுக்குள் போய்விட்டால், அது கிடங்கில் ஒரு நாளும் இருக்கக் கூடாது. அட்டவணையிலிருந்து எடுத்து, கிடங்கிலிருந்து எடுத்து, கேஷ்களிலிருந்தும் எடுக்க வேண்டும். 40 கணினிகளில் ஏற்கெனவே இறங்கியதை எந்தக் களஞ்சியக் கட்டளையாலும் திரும்ப வாங்க முடியாது, ஆகவே கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். அப்போதும் அந்த எண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை. 1.4.2-3 போய்விட்டது என்றால் அடுத்தது 1.4.2-4. சேஞ்ஜ்லாகில் 3-க்கு நேரே, எந்தத் தேதியில், ஏன் விலக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும்.